விடுபட்டுப்போகும் நிலையம்

பேர்ண் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகன், துன் நகருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் பேர்ண், வாங்க்டோர்ஃப் ஆகியவற்றுக்குப் பின்னும் குயும்லிகனுக்கு முன்னும் அமைந்த நிலையமாதலால், கணினி நிரல் எழுதக் கற்போருக்குப் பட்டியல் என்பதை விளக்க இந்நான்கு பெயர்களே போதும். பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் கட்டளை அமைப்பு லூப் எனப்படும். சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தின் நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில், ஒன்று ஒன்றாகக் கூடிச்செல்லும் எண்ணை வைத்து, அந்த இடத்திலுள்ள உறுப்பை நிரலாளரே எடுக்க வேண்டியிருந்தது. 1991இல் வந்த பைத்தானோ உறுப்பையே கையில் தந்துவிடுகிறது. வசதிதான், ஆனால் எண்ணிக்கை மறையவில்லை, உள்ளே ஒளிந்திருக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கும் அவ்வரிசையில் 1ஆம் இடத்திலுள்ள வாங்க்டோர்ஃபை லூப் ஓடும்போதே நீக்கினால், ஓஸ்டர்முண்டிகன் அவ்விடத்துக்கு நகர்ந்துவிட, லூப் 2ஆம் இடத்துக்குச் சென்று குயும்லிகனை எடுக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராமலேயே ஓஸ்டர்முண்டிகன் விடுபட்டுப்போகிறது. கற்கத் தொடங்கியவரை நெடுநேரம் திகைக்கவைக்கும் இப்பிழையைத் தவிர்க்க, நகல் ஒன்றின் மீது லூப்பை ஓட்டி மூலப் பட்டியலிலிருந்து நீக்கலாம், அல்லது வேண்டியவற்றை மட்டும் புதிய பட்டியலில் சேர்க்கலாம். விர்த் தமது பிற்கால ஓபரான் மொழியின் முதல் வடிவில் எண்ணிச்செல்லும் அந்த லூப் கட்டளையையே விட்டுவிட்டார் என்பது வேறு கதை.