லேடீஸ் சீட் ஏன் சேமிக்கவில்லை?

ஏற்காடு போனவர்களுக்கு லேடீஸ் சீட் தெரிந்திருக்கும். அங்கே நின்றால் கீழே கொண்டை ஊசி வளைவுகள், அதற்கும் கீழே சேலம். எங்க ஊர் மாரமங்கலம் அதே சேர்வராயன் மலையில்தான் இருக்கு, ஆனா சுற்றுலாக்காரர்கள் அவ்வளவாக எட்டிப்பார்க்காத பக்கம். 2015-ல் ஒருநாள் இந்த லேடீஸ் சீட்டை என்னுடைய இடப்பெயர் டேட்டாபேஸில் ஏற்றப் பார்த்தேன். "சேமிக்கப்பட்டது" என்று பக்கம் சொன்னது. பட்டியலைத் திறந்தால் இல்லை. மறுபடி ஏற்றினேன், மறுபடியும் இல்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆச்சுன்னு எல்லோரும் சொல்வாங்க. ஆனா மலைமேல் இருக்கிற சின்னச்சின்ன ஊர்கள், சோலைகள், ஓடைகள், பாறைகள் இதுக்கெல்லாம் யார் பெயர் வைத்தது, ஏன் வைத்தது என்பது புத்தகத்தில் கிடைக்காது. பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்கணும். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே, ஊருக்கு வரும்போதெல்லாம் இதைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தேன். 2009-ல் அதற்காகவே பிஹெச்பியும் மைஎஸ்கியூஎல்லும் வைத்து ஒரு சின்னப் பக்கம் எழுதினேன். இடத்தின் பெயர், ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், குறிப்பு என்று மூன்று கட்டங்கள். அவ்வளவுதான்.

லேடீஸ் சீட் காணாமல் போன அன்று மற்றவற்றையும் சரிபார்த்தேன். பகோடா பாயின்ட் இருக்கு. கிள்ளியூர் அருவி இருக்கு. ஜென்ட்ஸ் சீட் இல்லை, சில்ட்ரன்ஸ் சீட்டும் இல்லை. இல்லாத மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஸ்' என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு அப்பாஸ்ட்ரபி வரும்.

என் கோடில் இருந்த குவெரி கீழே. ஆங்கிலக் கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கேன், அப்படியே அடித்தால் ஓடாது. ஆனா வேரியபிள், டேபிள், காலம் பெயர்களைத் தமிழிலேயே வைத்தால் பிஹெச்பியும் மைஎஸ்கியூஎல்லும் ஏற்றுக்கொள்ளும். பலருக்கு இது தெரியாது.

இன்சர்ட் இன்டு இடங்கள் (பெயர், ஆங்கிலப்பெயர், குறிப்பு) வேல்யூஸ் ('$பெயர்', '$ஆங்கிலப்பெயர்', '$குறிப்பு')

இதில் மதிப்புகளைப் போட்டதும் மைஎஸ்கியூஎல்லுக்குப் போய்ச் சேர்வது இது:

வேல்யூஸ் ('லேடீஸ் சீட்', 'லேடி'ஸ் சீட்', '')

டேட்டாபேஸ் இடமிருந்து வலமாக வாசிக்கிறது. மேற்கோள் திறந்தது, லேடி என்று வந்தது, மேற்கோள் மூடியது. சரி, சரம் முடிந்தது, இனி ஒரு கமாவோ அடைப்பு மூடலோ வரணும் என்று காத்திருக்கிறது. வருவதோ 'ஸ் சீட்'. இலக்கணம் உடைகிறது. பிழை எண் 1064: உங்கள் எஸ்கியூஎல் தொடரில் இலக்கணப் பிழை, இன்ன இடத்துக்கு "அருகில்" பாருங்கள்.

ஆனா இந்தப் பிழையை நான் பார்க்கவே இல்லை. பழைய மைஎஸ்கியூஎல்_குவெரி ஃபங்ஷன் தோற்றுப்போனால் சத்தம் போடாது, 'ஃபால்ஸ்' என்று ஒரு மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். என் கோட் அந்த மதிப்பைப் பார்க்காமல் அடுத்த வரியிலேயே "சேமிக்கப்பட்டது" என்று அச்சடித்துவிடும். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

சரி, 2009-லிருந்து வேலை செய்த பக்கம் இப்போ மட்டும் ஏன் உதைக்கணும்? அந்தக் கால பிஹெச்பியில் மேஜிக் கோட்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஃபார்ம் வழியாக வரும் எந்த மேற்கோளுக்கும் முன்னால் அதுவே ஒரு பேக்ஸ்லாஷ் போட்டுவிடும். "இது மூடல் இல்லை, எழுத்துதான்" என்று டேட்டாபேஸுக்குச் சொல்லும் குறி அது. என்னைப் போன்ற கவனக்குறைவான ஆட்களைப் பல வருஷம் காப்பாற்றியது அதுதான். ஆனா பாதுகாப்பு என்று அதை நம்ப முடியாது. எந்த டேட்டாபேஸ், எந்த என்கோடிங் என்று பார்க்காமல் கண்மூடித்தனமாகப் போடும் பேக்ஸ்லாஷ். 2012-ல் வந்த பிஹெச்பி 5.4-ல் அதை எடுத்துவிட்டார்கள். என் தளம் இருந்த சர்வர் 2013-ல் புதிய பதிப்புக்கு மாறியது. அறிவிப்பு மெயில் வந்திருந்தது, நான் படிக்கவில்லை.

அப்போதான் வயிற்றைக் கலக்கியது. 2013-லிருந்து 2015 வரை, மேற்கோள் இருந்த எந்தப் பதிவும் உள்ளே போகவில்லை. சுற்றுலா இடங்கள் போனால் போகட்டும், நாளைக்கே திரும்ப ஏற்றலாம். ஆனா குறிப்பு என்ற கட்டத்தில் நான் எழுதும் பழக்கம் என்ன? பெரியவர் சொன்னதை அவர் பேசின மாதிரியே, ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவேன். எங்க மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சை நான் திருத்தி எழுதினால் பாதி போயிடும் என்பதால் அப்படி ஒரு விதியே வைத்திருந்தேன். ஆக "ஓடைக்கு வடக்கே, 12 வீடுகள்" மாதிரியான வறண்ட குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. யாராவது வாய் திறந்து பேசிய குறிப்புகள் மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரி போய்விட்டன.

வரிசை எண்ணில் ஓட்டை இருக்குமே, அதை வைத்து எத்தனை போச்சுன்னு கண்டுபிடிக்கலாம்னு நினைத்தேன். ஓட்டையே இல்லை. இலக்கணப் பிழை உள்ள குவெரி டேபிள் வரைக்கும் போவதே இல்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. அதனால் தானாக ஏறும் எண் நகராது. ஒரே மதிப்பு இரண்டு முறை வந்து இன்னோடிபி மறுத்தால் எண் வீணாகும், தடயம் மிஞ்சும். 1064 அந்தத் தடயத்தைக்கூட வைக்காது. கடைசியில் நோட்டுப் புத்தகங்களை எடுத்து ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டேன். 38 பதிவுகள் இல்லை. அதில் 29 நோட்டில் இருந்தது. மீதி 9, போட்டோவும் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து நேராக போனில் அடித்தவை.

இனி இந்தப் பிழையைத் துரத்தும் விதம். நான் கற்றது இதுதான்: கோடைப் பார்க்காதே, போய்ச் சேர்ந்த குவெரியைப் பார். பிஹெச்பி ஃபைலில் நீங்கள் பார்ப்பது அச்சு, டேட்டாபேஸ் பார்ப்பது அதில் வார்த்த பொருள். குவெரியை ஒரு வேரியபிளில் வைத்து அப்படியே அச்சடியுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே கண்ணில் படும். இரண்டு சரங்களைப் புள்ளி வைத்து ஒட்டும்போது நடுவில் இடைவெளி விடாமல் 'இடங்கள்' என்ற டேபிள் பெயரோடு 'வேர்' ஒட்டிக்கொண்டு 'இடங்கள்வேர்' ஆவது எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். கோடில் இரண்டும் தனித்தனி வரியில் அழகாக நிற்கும்.

அடுத்தது அந்த "அருகில்" என்ற சொல். அதற்குப் பின் வரும் துண்டு பிழை இருக்கும் இடம் இல்லை, டேட்டாபேஸ் தடுக்கி விழுந்த இடம். கல் அதற்குச் சற்று முன்னால் கிடக்கும். மேலே சொன்ன 'இடங்கள்வேர்' விஷயத்தில் அது சமக் குறிக்கு அருகில் என்று சொல்லும். ஏன்னா 'இடங்கள்வேர்' என்பதை டேபிள் பெயராகவும், அடுத்து வரும் 'ஊர்' என்ற காலத்தை அந்த டேபிளின் செல்லப் பெயராகவும் எடுத்துக்கொண்டு, சமக் குறி வரும்போதுதான் விழிக்கிறது. அருகில் என்று சொல்லிவிட்டு ஒன்றுமே காட்டாமல் விட்டால், குவெரி முடிந்தும் ஏதோ பாக்கி, பெரும்பாலும் மூடாத அடைப்புக்குறி.

தமிழ் டேட்டா வைத்து வேலை செய்பவர்களுக்கும் வரும் ஒரு வேடிக்கை உண்டு. மாரமங்கலம் என்ற சொல்லுக்கு மேற்கோள் போட மறந்துவிட்டால் 1064 வராது, "மாரமங்கலம் என்ற காலம் தெரியவில்லை" என்று 1054 வரும். தமிழ் எழுத்துகளை மைஎஸ்கியூஎல் காலம் பெயராக ஏற்பதால் வரும் குழப்பம் இது. அண்ணா பூங்கா மாதிரி இரண்டு சொல் என்றால் 1064 வரும், பூங்காவுக்கு அருகில் என்று. வேர்டு ஃபைலிலிருந்து குவெரியை ஒட்டினால் வரும் வளைந்த மேற்கோளும் இதே கதைதான். அதை மேற்கோள் என்றே டேட்டாபேஸ் எண்ணாது, பெயரின் ஒரு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் உடையா இடைவெளி இன்னும் மோசம். கண்ணுக்கு வெற்றிடம், டேட்டாபேஸுக்கு எழுத்து. எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் குவெரி சரியாகவே தெரியும். அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் அடிப்பதுதான் மருந்து.

பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு பழைய ஊர்ப்பட்டியல் கிடைத்தபோது பட்ட பாடு தனி. அதை இன்சர்ட் குவெரிகளாக மாற்றி ஒரு ஃபைலில் வைத்து, பிஹெச்பியில் அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டி ஒவ்வொன்றாக ஓட்டினேன். குவெரி முடிவது அரைப்புள்ளியில்தானே! ஆனா பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி சேமிக்கப்படுவதே அரைப்புள்ளியாகத்தான். மாரமங்கலத்தில் ங், ம் என்று இரண்டு புள்ளி. என் சொந்த ஊர் மூன்று துண்டாகப் போய் மூன்று 1064 வாங்கிக்கொண்டு வந்தது. முதலில் யூனிகோடுக்கு மாற்று, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பதிப்பு மாறும்போது வரும் பிழையும் உண்டு. 2018-ல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0-ல் 'ரேங்க்', 'குரூப்ஸ்' எல்லாம் ஒதுக்கப்பட்ட சொற்கள் ஆகிவிட்டன. அந்தப் பெயரில் காலம் வைத்திருந்தவர்களுக்கு நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது. சாய்ந்த பேக்டிக் குறிக்குள் போட்டால் சரியாகும், பெயரையே மாற்றுவது உத்தமம்.

மேற்கோளுக்கு வருவோம். நான் செய்த முதல் வைத்தியம் அப்பாஸ்ட்ரபியை அழித்துவிட்டு ஏற்றுவது. ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். கருவி இடறுகிறது என்று தரவை வெட்டும் வேலை அது, செய்யாதீங்க. சரியான வழி பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். குவெரியில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்து முதலில் அனுப்புகிறோம். டேட்டாபேஸ் அதன் இலக்கணத்தைப் பிரித்து முடித்துவிடுகிறது. பிறகு மதிப்புகள் தனியாகப் போகின்றன. இலக்கணம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால், மதிப்புக்குள் எத்தனை மேற்கோள் இருந்தாலும் அது வெறும் எழுத்துதான். வேண்டுமென்றே மேற்கோளை நுழைத்து உங்கள் டேபிளைக் கலைக்க நினைப்பவருக்கும் இதே கதவுதான் மூடுகிறது.

பிடிஓ வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைஎஸ்கியூஎல்லோடு சேரும்போது அது வழக்கமாக இந்தத் தனி அனுப்பலை நடிக்க மட்டும் செய்யும். மதிப்புகளைத் தானே மேற்கோள் போட்டு குவெரிக்குள் ஒட்டித்தான் அனுப்பும். அதனால்தான் லிமிட்டுக்குக் கேள்விக்குறி வைத்து 10 என்று கொடுத்தால், '10' என்று மேற்கோளோடு போய் 1064 வருகிறது. எமுலேஷனை அணைத்துவிட்டால் தீர்ந்தது. டேபிள் பெயருக்குக் கேள்விக்குறி எப்படியும் வேலை செய்யாது.

பழைய மைஎஸ்கியூஎல்_ ஃபங்ஷன்கள் பிஹெச்பி 7-லேயே போய்விட்டன. பிஹெச்பி 8.0-லிருந்து பிடிஓவும், 8.1-லிருந்து மைஎஸ்கியூஎல்ஐயும் தோற்றால் தாமாகவே எக்ஸெப்ஷன் எறிகின்றன. இன்று புதிதாக எழுதுகிறவருக்கு என் கதி வராது, எக்ஸெப்ஷனைப் பிடித்துக் குப்பையில் போடாத வரை.

நோட்டில் இருந்த 29-ஐயும் ஒரு தீபாவளி விடுமுறையில் திரும்ப ஏற்றினேன். மற்ற 9-க்காக மறுபடி அந்தந்த வீடுகளுக்குப் போனேன். ஆறு பேர் திரும்பச் சொன்னார்கள். முதல் தடவை சொன்ன மாதிரியே இல்லை, ஒருவர் முன்பைவிட நீளமாகச் சொன்னார். மூன்று பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். அந்த மூன்று இடங்களுக்கும் பெயர் மட்டும் ஏற்றி, போனில் இருந்த போட்டோவின் தேதியைப் போட்டு, குறிப்புக் கட்டத்தில் ஒரு ஒற்றை மேற்கோளைத் திறந்து மூடி வைத்திருக்கேன். இந்த முறை சேமித்தது.