கூட்டாகக் கொடுத்த முன்பணம்



பிரிக்பீல்ட்ஸில் மாதம் 1,500 வெள்ளி வாடகைக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு வந்த மூன்று இளைஞர்கள் அதைக் கூட்டாக எடுக்கிறார்கள். வழக்கப்படி இரண்டு மாத வாடகையான 3,000 வெள்ளியை வைப்புத் தொகையாகவும், அரை மாத வாடகையான 750 வெள்ளியை நீர், மின்சாரத்திற்கான முன்பணமாகவும் கட்டுகிறார்கள். ஆளுக்கு 1,250 வெள்ளி. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஒருவரே. வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பணம் யார் கைக்கு வரும்?

கையெழுத்திட்டவர் கைக்குத்தான் வரும். மற்ற இருவரையும் வீட்டுக்காரர் அறிய வேண்டிய அவசியமில்லை. அவர்கள் தங்கள் பங்கைத் தோழரிடமே கேட்க வேண்டும். ஆகவே, கூடுமானால் மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். இயலாவிட்டால், யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். நட்பைக் காப்பதற்கே அந்த எழுத்து.

ஒருவர் இடையில் விலகினால் என்ன செய்வது? குத்தகை முடியும்வரை வீட்டுக்காரர் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தரமாட்டார். புதிதாக வருபவர் 1,250 வெள்ளியை விலகுபவருக்குக் கொடுப்பதே வழக்கம். அப்போதே வீட்டிலுள்ள பழுதுகளைச் சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையேல், முன்னவர் உடைத்த கதவுக்குப் பின்னவர் பணம் கட்ட நேரும்.

காலி செய்யும் முன், ஒப்பந்தத்தில் சொல்லியபடி எழுத்து மூலம் முன்னறிவிப்புக் கொடுங்கள். ஒப்பந்தம் இடம் தராவிட்டால், கடைசி மாத வாடகையை வைப்புத் தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். தெனாகா நேஷனல், ஆயர் சிலாங்கூர் கட்டணங்களைச் செலுத்தி ரசீதை வையுங்கள். குடிபுகுந்த நாளில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, வீட்டுக்காரர் முன்னிலையில் சாவியை ஒப்படையுங்கள். சுவர்ச் சாயம் நாள்பட மங்குவது இயல்பான தேய்மானம். உடைந்த கண்ணாடி சேதம். எதற்காகப் பணம் பிடிக்கிறார் என்பதற்குக் கணக்கும் ரசீதும் கேளுங்கள்.

அப்படியும் பணம் வரவில்லையா? நாள் குறிப்பிட்டுக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பயனில்லாவிட்டால், 5,000 வெள்ளிவரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். 198ஆம் எண் படிவத்தை நிரப்பி நீங்களே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி ஒப்பந்தத்திற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். செலுத்தாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது.

பணத்தை வாங்கிக்கொண்ட தோழரே பங்கு தர மறுத்தாலும் இதே வழி உண்டு. அப்போது நீதிமன்றத்தில் காட்ட, குடிபுகுந்த நாளில் எழுதிய அந்த ஒரு தாள்தான் உங்கள் கையில் இருக்கும். பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும், வீட்டின் சாவியை வாங்கும் நாளிலேயே அதை எழுதிவிடுங்கள்.