வீட்டுக் கேமராவின் ஓடிபி யாருக்கு வர வேண்டும்?

2019 டிசம்பர் தொடக்கம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டிசோட்டோ கவுன்டியில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் படுக்கையறையில் ஏதோ சத்தம் கேட்டு உள்ளே போனாள். அறையில் யாரும் இல்லை. பாட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. அடுத்து ஓர் ஆணின் குரல் அவளோடு பேச ஆரம்பித்தது. தான்தான் கிறிஸ்துமஸ் தாத்தா என்றது. பயந்துபோன சிறுமி அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

குரல் வந்தது அறையில் மாட்டியிருந்த ரிங் நிறுவனக் கேமராவின் ஸ்பீக்கரிலிருந்து. பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும் என்று பெற்றோர் அதை வாங்கி மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எங்கோ இருந்த ஒருவன் அந்தக் குடும்பத்தின் கணக்குக்குள் நுழைந்து, கேமரா வழியாகப் பார்த்தபடியே பேசியிருக்கிறான்.

இதே போன்ற செய்திகள் அந்த மாதம் அமெரிக்காவின் வேறு பல ஊர்களிலிருந்தும் வந்தன. தங்கள் கணினிகளை யாரும் உடைத்து நுழையவில்லை என்று ரிங் விளக்கம் சொன்னது. இப்படிப்பட்ட திருட்டுக்குப் பெரிய கணினி அறிவு தேவையில்லை. ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்தோ விளையாட்டுத் தளத்திலிருந்தோ கசிந்த மின்னஞ்சல், பாஸ்வேர்டு பட்டியல்கள் இணையத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. அந்த ஜோடிகளை ஒவ்வொன்றாக வேறு தளங்களில் போட்டுப் பார்க்க மென்பொருள் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவரின் கதவு திறந்துவிடும்.

பாஸ்வேர்டு தெரிந்தவனையும் வாசலில் நிறுத்தும் வழி அப்போதே இருந்தது. பாஸ்வேர்டுக்குப் பிறகு செல்போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்புதான் அது. ஆனால் விருப்பப்பட்டவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று ரிங் விட்டிருந்தது. மிசிசிப்பி குடும்பம் அதை இயக்கியிருக்கவில்லை.

2020 பிப்ரவரி 18 அன்று ரிங் இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ ஆறு இலக்க எண் வரும். அதைப் போட்டால்தான் உள்ளே போக முடியும். கூகுளின் ஸ்மார்ட் வீட்டுக் கருவிப் பிரிவான நெஸ்ட்டும் அதே ஆண்டு இந்த வழிக்கு வந்தது. 2023 மே மாதம் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ரிங் மீது தொடுத்த வழக்கில் விவரங்கள் வெளிவந்தன: 2019 ஜனவரிக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையே அமெரிக்காவில் மட்டும் சுமார் 55,000 வாடிக்கையாளர்களின் கணக்குகள் இவ்வகைத் தாக்குதலில் சிக்கின என்பது கமிஷனின் குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் செலுத்த ரிங் ஒப்புக்கொண்டது. 2024 ஏப்ரலில் அந்தப் பணத்திலிருந்து 1,17,044 பேருக்குத் தொகை திருப்பித் தரப்பட்டது.

வெளியாளைத் தடுக்கும் வேலையை இரண்டாம் படி நன்றாகவே செய்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது தரும் சிக்கலைப் பற்றித்தான் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை.

வங்கிக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு

இந்தியர்களுக்கு ஓடிபி புதிதல்ல. இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்தும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு இருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2009 ஆகஸ்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நாளடைவில், குறியீடு என்றால் கார்டுக்காரரின் போனுக்கு வருவது என்றாகிவிட்டது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பழகியிருக்கிறோம். கார்டு ஒருவருடையது. போனும் அவருடையது. கணக்கு நேராக இருக்கிறது.

வீட்டுக் கேமரா அப்படி இல்லை. அப்பா அம்மா கோவையில் இருக்கிறார்கள், மகன் பெங்களூரில், மகள் துபாயில் என்று வைத்துக்கொள்வோம். வாசல் கேமராவை மகன் வாங்கி, தன் எண்ணிலேயே கணக்கைத் தொடங்கி, பாஸ்வேர்டைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுகிறார். நால்வரும் ஒரே பெயரில் உள்ளே போகிறார்கள். சில மாதம் எல்லாம் சரியாக நடக்கும். அம்மா போனை மாற்றும்போது செயலி குறியீடு கேட்கும். அது மகனின் போனுக்குப் போகும். மகன் மீட்டிங்கில் இருப்பார். வாசலில் யாரோ நிற்கிறார்கள். அம்மாவால் பார்க்க முடியாது.

இந்த இடத்தில் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ‘தொல்லை’ என்று இரண்டாம் படியை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுகின்றன. இல்லாவிட்டால், வரும் எண்ணை ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்கின்றன. இரண்டாவது பழக்கம் கேமராவோடு நிற்பதில்லை. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று பாட்டிக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருப்போம். வாரம் ஒருமுறை அதே பாட்டியிடம், ‘இப்போ ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க’ என்று நாமே கேட்டால், நாளை வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அதே வார்த்தைகளில் கேட்கும்போது அவர் தயங்குவதற்குக் காரணமே இருக்காது.

ஆளுக்கொரு நுழைவு

திருட்டு அலாரம் வைத்த வீடுகளில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு நெடுநாளாகவே உண்டு. சுவரில் உள்ள எண் பலகையில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்கலாம். வேலைக்கு வருபவருக்குத் தனி எண். அவர் நின்றுவிட்டால் அந்த எண்ணை மட்டும் அழித்தால் போதும். யார் எப்போது அலாரத்தை அணைத்தார் என்பதும் பதிவாகிவிடும்.

கேமரா செயலிகளிலும் இதே வசதி இருக்கிறது. கணக்கைத் தொடங்கும் அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரிங் செயலியில், கணக்குக்கு உரியவர் மற்றவர்களை மின்னஞ்சல் மூலம் அழைக்கலாம். அழைப்பைப் பெற்றவர் தன் பெயரில், தன் பாஸ்வேர்டோடு ஒரு கணக்கைத் தொடங்குவார். குறியீடு அவருடைய போனுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும். அவர் வாசலைப் பார்க்கலாம், வந்தவரோடு பேசலாம். ஆனால் புதிதாக ஆட்களைச் சேர்க்க முடியாது. 2020-இல் கட்டாயமாக்கியபோதே, இப்படிச் சேர்க்கப்பட்டவர்களுக்கும் இரண்டாம் படி உண்டு என்று ரிங் அறிவித்துவிட்டது. கூகுள் ஹோமிலும் வீட்டு உறுப்பினர்களை அவரவர் கூகுள் கணக்கின் வழியாகவே சேர்க்க வேண்டும். வேறு கேமராக்களின் செயலிகளில் ‘பகிர்’ என்றோ ‘உறுப்பினர்களைச் சேர்’ என்றோ இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு கோவை அம்மாவுக்கு வரும் எண் அம்மாவின் போனுக்கே வரும். அதை அவர் யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

குறியீடு எந்த வழியில் வரலாம்?

குறுஞ்செய்தி எளிது. எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் வராது. வெளிநாட்டுக்குப் போனவர் ரோமிங்கை நிறுத்தியிருந்தாலும் வராது. ஏமாற்றி டூப்ளிகேட் சிம் வாங்கும் மோசடிக்காரர்களிடமும் இது சிக்கக்கூடும். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட விதிகளில் குறுஞ்செய்திக் குறியீட்டைக் கட்டுப்பாடுகளோடு மட்டுமே பயன்படுத்த வேண்டியவற்றின் வரிசையில் வைத்தது. எதுவுமே இல்லாததைவிடக் குறுஞ்செய்தி எவ்வளவோ மேல் என்பதும் உண்மை.

மின்னஞ்சலில் குறியீடு வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்னஞ்சலுக்கும் கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தால், திருடனுக்கு இரண்டு படியும் ஒரே படிதான். முதலில் மின்னஞ்சலுக்குத் தனி பாஸ்வேர்டும் இரண்டாம் படியும் வேண்டும்.

மூன்றாவது வழி, கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற செயலிகள். கணக்கை இணைக்கும்போது திரையில் தெரியும் கியூஆர் கோடைப் போன் படித்து, அதிலுள்ள ரகசிய எண்ணைச் சேமித்துக்கொள்கிறது. அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்க எண்ணைக் கணக்கிடுகிறது. கேமரா நிறுவனத்தின் கணினியும் அதே கணக்கைப் போடுகிறது. இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். குறுஞ்செய்தி வரவேண்டியதில்லை என்பதால் சிக்னலும் வேண்டாம், ரோமிங்கும் வேண்டாம்.

குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. உறுப்பினர்களைச் சேர்க்கும் வசதியே இல்லாத பழைய கணக்காக இருந்தால், இணைக்கும் நேரத்தில் கணவன், மனைவி இருவரும் தத்தம் போனில் அதே கியூஆர் கோடைப் படித்துக்கொள்ளலாம். இரண்டு போனிலும் ஒரே எண் தெரியும். ஆளுக்கொரு நுழைவுக்கு இது ஈடாகாது. ஒருவர் போன் தொலைந்தால் இன்னொருவர் வெளியே நிற்காமலிருக்க உதவும். அந்தக் கோடைப் படம் எடுத்துப் போனில் வைத்திருக்கக் கூடாது. அதுதான் ரகசியமே.

உள்ளே இருப்பவரை இரண்டாம் படி தடுக்காது

அமெரிக்காவின் டல்லஸ் பகுதியில் ஏடிடி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தொழில்நுட்ப ஊழியர் ஒருவர், கேமரா பொருத்தப் போன வீடுகளில் தன் மின்னஞ்சல் முகவரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். சிலரிடம், சோதித்துப் பார்க்கத் தற்காலிகமாகச் சேர்ப்பதாகச் சொன்னார். சுமார் 200 கணக்குகளுக்குள் நாலரை ஆண்டுகளில் 9,600 முறைக்கு மேல் நுழைந்து, பெண்களின் அந்தரங்கத்தைப் பார்த்தார். 2021 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு அதே ஆண்டு ஜூனில் 52 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எந்த பாஸ்வேர்டையும் அவர் திருடவில்லை. கணக்கின் உறுப்பினர் பட்டியலிலேயே அவர் இருந்தார்.

நம் ஊரிலும் கேமரா மாட்டியவர் போன கையோடு இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். கணக்கு யாருடைய எண்ணில், யாருடைய மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருக்கிறது? பட்டியலில் வேறு யாராவது இருக்கிறார்களா?

பிரிந்து போனவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. மயாமியில் ஒருவர் தன் முன்னாள் துணைவர் வாசல் மணிக் கேமரா வழியாகத் தன்னைத் தொடர்ந்து பார்த்துவருவதைக் கண்டுபிடித்தார். பாஸ்வேர்டை மாற்றினார். ஆனால் பழைய போனில் ஏற்கனவே திறந்திருந்த செயலி மூடப்படவில்லை. 2018-இல் வெளியான இந்தச் செய்திக்குப் பிறகுதான் அந்தக் குறை வெளியே தெரிந்தது. அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர்கள், வழக்கறிஞர்கள், காப்பகப் பணியாளர்கள் எனப் பலரிடம் பேசி, கேமராவும் ஸ்மார்ட் பூட்டும் வீட்டுக்குள் அதிகாரம் செலுத்தும் கருவிகளாவதை விரிவாக எழுதியது. கணக்கு எப்போதும் ஒருவர் கையில் மட்டும் இருக்கும் வீட்டில், மற்றவர் கண்காணிக்கப்படுபவராக மட்டுமே மிஞ்சிவிடும் ஆபத்து உண்டு.

எனவே ஒருவர் வீட்டை விட்டுப் போகும்போது மூன்று வேலைகள் இருக்கின்றன: பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்குவது, பாஸ்வேர்டை மாற்றுவது, உள்நுழைந்திருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுவது. மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வன்முறைக்குப் பயந்து பிரிபவர்கள், திடீரென்று துண்டித்தால் எதிராளி எப்படி நடந்துகொள்வார் என்பதையும் யோசித்து, உதவி மையத்திலோ வழக்கறிஞரிடமோ பேசிவிட்டுச் செய்வது நல்லது.

போன் தொலைந்தால், எண் மாறினால்

பல சேவைகள் அவசரத்துக்கென்று சில குறியீடுகளை முன்கூட்டியே தருகின்றன. கூகுள் ஒரு தொகுப்பில் எட்டு இலக்க எண்கள் பத்து தருகிறது. ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். புதிய தொகுப்பு எடுத்தால் பழையது செல்லாது. அவற்றைத் தாளில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைப்பதே சரியான இடம். போனிலேயே வைத்தால், போன் தொலையும்போது அவையும் தொலையும்.

குடும்பத் தலைவர் இறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பேசத்தான் வேண்டும். அவர் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அது செயலிழக்கும். இந்தியாவில் அப்படிச் செயலிழந்த எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை. அதன் பிறகு தரலாம். வீட்டுக் கேமராவின் குறியீடு முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போய்ச் சேரும். கணக்கில் உள்ள எண்ணை, அது செயலிழக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். அதற்கு அந்த எண் சில வாரமாவது உயிரோடு இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் பக்கமே தவறு நடந்தால் இரண்டாம் படியால் எதுவும் செய்ய முடியாது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் கோளாறால் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படங்கள் தெரிந்தன. ஆகவே படுக்கையறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமராவே வைக்காமலிருப்பது, எந்தக் குறியீட்டையும் விடப் பெரிய பாதுகாப்பு.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் மெகாபிக்சலையும் இரவுப் பார்வையையும் கேட்கிறார்கள். அதோடு இவற்றையும் கேட்க வேண்டும்: வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுக்க முடியுமா? ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டாம் படி உண்டா, அதற்கு ஆதென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்தலாமா? எந்தெந்தப் போன்கள் இப்போது உள்ளே இருக்கின்றன என்ற பட்டியல் தெரியுமா, அங்கிருந்தே ஒன்றை வெளியேற்ற முடியுமா? கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால், பெட்டியைப் பிரிக்கும் முன் அந்தச் செயலியைப் போனில் இறக்கி, அமைப்புகள் பகுதியில் இந்த மூன்றையும் தேடிப் பார்த்துவிடலாம்.