முடிசூட்டு உடையும் பதினோரங்குலப் பொம்மையும்

1953-ஆம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் முடிசூடியபோது அணிந்திருந்த வெண்பட்டு உடையை, நார்மன் ஹார்ட்னெல் என்ற உடைக்கலைஞர் அமைத்தார். அதைச் சிற்றுருவில் தைத்துப் பொம்மைக்கு அணிவிக்கும் முயற்சியும் உடனே தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் மேடம் அலெக்சாண்டர் நிறுவனத்தார் விழாக் காட்சியை 36 பொம்மைகளால் அமைத்தனர். இங்கிலாந்தில் பெக்கி நிஸ்பெட் அம்மையார் செய்த முதற் பொம்மையும் முடிசூட்டுக் கோலத்து ராணியே. இத்தொழிலின் இடர்ப்பாட்டை நம் அங்கத்தினர்கள் பிறரினும் நன்கு உணர்வரெனக் கருதி ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் மூல உடையைக் காண்போம். ஹார்ட்னெல் ஒன்பது வரைபடங்களை அளித்தார். பிரிட்டனின் சின்னங்களோடு காமன்வெல்த் நாடுகளின் சின்னங்களும் இடம்பெற வேண்டுமென்பது மகாராணியாரின் விருப்பம். ஆகவே இங்கிலாந்தின் ரோஜா, ஸ்காட்லாந்தின் முட்செடி, அயர்லாந்தின் ஷாம்ராக் என்னும் மூவிலைச் செடி, கனடாவின் மேப்பிள் இலை, ஆஸ்திரேலியாவின் மஞ்சள் வேலம்பூ, நியூசிலாந்தின் பெரணி, தென்னாப்பிரிக்காவின் புரோட்டியா மலர், பாகிஸ்தானின் கோதுமையும் பருத்தியும் சணலும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனித்தனியே தாமரை என யாவும் பட்டிழையாலும் பொன் வெள்ளி இழையாலும் முத்தாலும் பளிங்கு மணியாலும் எழுந்தன. வேல்ஸ் நாட்டுக்கு அழகிய டாபடில் மலரை இட ஹார்ட்னெல் விரும்பினார். மரபுச் சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரியோ லீக் என்னும் வெங்காய வகையே முறையென்று பிடிவாதம் செய்ய, கலைஞர் வெங்காயத்தையும் அழகுறச் செய்து காட்டினார்! 1954-இல் கொழும்பில் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தபோது மகாராணியார் இவ்வுடையையே அணிந்திருந்தார்.

இனிப் பொம்மைக்கு வருவோம். பதினொன்றரை அங்குலப் பொம்மை, ஆள் உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. உடையின் நீள அகலங்களை ஆறால் வகுப்பது எளிது. துணியை வகுப்பது எங்ஙனம்? 20 டெனியர் கச்சாப் பட்டில் நெய்த ஸாடின் ஒன்று என வைத்துக்கொள்வோம். இழையின் குறுக்களவு ஆறில் ஒன்றானால் அதன் எடை முப்பத்தாறில் ஒன்றாகும். அதாவது டெனியர் ஒன்றுக்கும் கீழே, அரையை ஒட்டி நிற்கும். பட்டுப்புழு உமிழும் ஒற்றை இழையே இரண்டு முதல் மூன்று டெனியர். ஆக, மனிதனால் மட்டுமன்று, புழுவாலும் நூற்க இயலாத நூல் அது. அங்குலத்துக்கு 100 பாவிழை இருந்த இடத்தில் 600 இழை வேண்டும். அதற்கேற்ற பன்னையை எவர் கட்டுவர்?

ஆகவே பொம்மைக்கு மூல உடையின் கனமான ஸாடினை வெட்டித் தைத்தால் பாவாடை மடிந்து வீழாது. கவிழ்த்த கூடைபோல் விறைத்து நிற்கும். கைதேர்ந்தவர் மூலத் துணியைத் தேடாமல், அது விழும் பாங்கைத் தேடுவர். மிக மெல்லிய பட்டை எடுத்து, மடிப்புகளை ஈரத்தோடு கட்டி வைத்து உலர்த்திப் பழக்குவர். தையல் ஓரத்தைக் கத்தரித்து நூலளவாக்குவர். வெல்வெட்டாயின் அதன் குஞ்சமே பகை. சிற்றுருவில் அது கரடித் தோல்போல் தோன்றும். மணிகளும் அவ்வாறே. கடையில் கிடைக்கும் மிகச் சிறிய மணிகள் ஒன்றரை மில்லிமீட்டர் அளவின. அவற்றைப் பொம்மையுடையில் பதிப்பது, ராணியின் உடையில் கொண்டைக்கடலை அளவு மணி பதித்தாற்போல் ஆகும். முத்துக்குப் பதில் ஒற்றையிழை முடிச்சு இடுவதே சாலச் சிறந்தது.

தொழிற்சாலைப் பொம்மைகளில் பூவேலையை அச்சிட்டு விடுவதும் உண்டு. குழந்தை விளையாடும் பொருளுக்கு அது போதும். அதையே மூலத்தின் மறுபதிப்பென்று விலை கூறுவது மட்டும் நமக்கு உடன்பாடன்று.

கூலிக் கணக்கில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். விழா முடிந்து ஆலயத்தினின்று வெளிவருகையில் மகாராணியார் போர்த்த ஊதா வெல்வெட் அங்கி ஆறரை கெஜ நீளம். கோதுமைக் கதிரும் ஒலிவக் கிளையும் பொன்னிழையில் கொண்டது. ராயல் ஸ்கூல் ஆப் நீடில்வொர்க் என்னும் தையற்கலைப் பள்ளியைச் சேர்ந்த பன்னிரு பெண்கள் 3,500 மணி நேரத்துக்கு மேல் உழைத்து, 18 வகைப் பொன்னிழையால் அதை முடித்தனர். பொம்மைக்கு அது 39 அங்குலம். பரப்பு முப்பத்தாறில் ஒன்று. எனவே 97 மணி நேரக் கூலி போதுமென்று வாங்குபவர் வாதிடுவார். பரப்புக் குறைந்ததே தவிரக் கதிரில் ஒரு மணியேனும் குறைந்ததா? முழுச் சித்திரமும் வேண்டுமெனில் தையல் எண்ணிக்கை அத்தனையும் நிற்கும். கண்ணுக்கோ வேலை இரட்டிப்பு. நேரத்தைக் குறைக்க ஒரே வழி, பத்துக் கதிர் இருந்த இடத்தில் மூன்று கதிர் போடுவது. எதை விடுவது என்பதை முன்னரே வாங்குபவரோடு பேசி, அளவுக்கன்றித் தையலுக்கும் நேரத்துக்கும் கூலி பொருந்திக்கொள்வதே முறை. நுண்வேலையில் கெஜக் கணக்கு, செய்பவரைப் பட்டினியில் விடும்.

விடக்கூடாத ஒன்றும் உண்டு. ஹார்ட்னெல் மகாராணியாருக்கும் சொல்லாமல், பாவாடையின் இடப்புறத்தில், அவர் கை படுமிடத்தில், நற்பேற்றுக்கென நான்கிலை ஷாம்ராக் ஒன்றைத் தைத்து வைத்தார். பொம்மையில் அது பச்சைப் பட்டில் நான்கே தையல். இடக்கையின் கீழ் உடையைச் சற்றே விலக்கிப் பார்த்தாலன்றிப் புலப்படாது.