பழைய லைக்கா வாங்கும் முன்

1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், அதே மாதம் புதுச்சேரிக்குப் போய் அரவிந்தரையும் படமெடுத்தார். கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படுவது லைக்கா என்னும் சிறிய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. கண்ணாடிக்குள் இரண்டாகத் தெரியும் உருவம், லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒன்றோடொன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி. இந்த வகைப் பழைய ஃபிலிம் கேமராவை இன்று விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் உட்கார்ந்தபடியே செல்பேசியில் தேடி வாங்கிவிடலாம். ஏமாறுவதும் அவ்வளவு எளிது.

முதல் ஆபத்து போலி. ரேஞ்ச்ஃபைண்டர் இணைந்த லைக்கா 1932இல் வந்தது. அதைப் பார்த்து 1934 முதல் சோவியத் யூனியனில், கார்கிவ் நகரில், ஃபெட் கேமரா தயாரானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜோர்க்கி வந்தது. பின்னாளில் சிலர் இவற்றின் மேல்தகட்டைத் தேய்த்து லைக்கா பெயரைப் பொறித்து, தங்க நிறம் ஏற்றி, '1936 பெர்லின் ஒலிம்பிக்' என்றுகூட எழுதி விற்றார்கள். அவை இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. லென்ஸைக் கழற்றி, வாய்ப்பகுதியின் உள்ளே மேல்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலைப் பாருங்கள். லைக்காவில் அதன் நுனியில் உருளும் வட்டச் சக்கரம் இருக்கும். ஃபெட், ஜோர்க்கியில் பெரும்பாலும் சரிவாகச் சீவிய தட்டை முனைதான். அந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் மழுப்புகிற விற்பனையாளரை விட்டுவிடுவதே நல்லது. ஃபெட் நல்ல கேமராதான். அதை ஃபெட் என்று சொல்லி, ஃபெட் விலைக்கு விற்கவேண்டும், அவ்வளவே.

அசலாகவே இருந்தாலும் உள்ளே கெட்டிருக்கலாம். டார்ச் அடித்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் தெரிவது பூஞ்சை. ஷட்டர் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டைகளும் இருக்கலாம்: இந்தக் கேமராக்களில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் இடையே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாததால், மூடி போடாமல் வெயிலைப் பார்த்து வைத்தால் லென்ஸே துணியைப் பொசுக்கிவிடும். கேனனெட் போன்ற ஜப்பானிய மாடல்களுக்கு அன்று போட்ட 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இன்று கடைகளில் கிடைப்பதில்லை. ஒளிமானி எந்த பேட்டரியில் வேலை செய்கிறது என்று கேளுங்கள். மரக்காணம் உப்பளக் காற்று வேறு உலோகத்தை அரிக்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் தனியே எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் கேமராவை வையுங்கள்.

இனி பணம். 'ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் போடுங்கள்' என்பது பழைய வலை. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. 'ரீஃபண்ட்' தருவதாகச் சொல்லி அதைப் போடச் சொன்னால் மோசடி. ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்விட்டால் முடக்குவது கடினம்.

சட்டத்தில் உங்களுக்கு உள்ள பிடி, விற்பவர் எழுதிய சொற்கள்தான். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, வர்ணித்து விற்ற பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். 2020 மின்வணிக விதிகளும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. ஆனால் தன் வீட்டுப் பொருளை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிநபருக்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்தா. மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகவும் மாட்டார்.

திருட்டுப் பொருள் விஷயம் இன்னும் கடுமையானது. விற்றவருக்கே உரிமை இல்லையென்றால், பொதுவாக வாங்கியவருக்கும் உரிமை வராது. திருட்டு என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின் கீழ் குற்றம். எனவே கேமரா எண்ணும் லென்ஸ் எண்ணும் குறித்த ரசீதை, விற்பவரின் கையொப்பத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

வணிகரிடம் ஏமாந்தவர்கள் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீராவிட்டால், கடை டெல்லியில் இருந்தாலும் பிரம்மதேசத்துக்காரர் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வசிக்குமிடத்தில் வழக்கிட இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; கெடு இரண்டு ஆண்டுகள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், உரையாடல், பணம் கட்டிய சான்று, பார்சலைப் பிரிக்கும்போதே எடுத்த வீடியோ ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். விற்றவர் விளம்பரத்தை நீக்குவதற்குள், வாங்கும் நாளிலேயே இவற்றைச் சேமித்துவிட வேண்டும்.