முதுகில் எழுதிய எழுத்தும் கணினி வாசிக்கும் எழுத்தும்

அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்ணொளி இல்லாதவர். பிறர் தம் முதுகில் விரலால் எழுதிக்காட்ட, அவ்வுணர்வு கொண்டே எழுத்துகளைக் கற்றார் என்பது செவிவழி வரலாறு. 17ஆம் நூற்றாண்டுப் புலவராகிய இவர் ஈழத்துக்கு வந்து, பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்று மீண்டார் என்றும் கூறுவர். (அம்மன்னன் யாவன் என்னும் ஆராய்ச்சியில் ஈண்டுப் புகுந்தால் மீள்வது அரிது.)

அப்புலவரை அண்மையில் எனக்கு நினைவூட்டியவர் என் பழைய மாணவர் ஒருவர். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் வாழ்பவர். இளமையிலேயே பார்வையை இழந்தவர். இன்று அவருக்கு எழுத்தறிவிப்பது கணினி. திரையில் உள்ளதைக் குரலாக மாற்றும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் அவர் படிக்கின்றார், எழுதுகின்றார். நன்னூற் புணரியலுக்கு நான் எழுதிய பாடக்குறிப்புகளைக் கேட்டார், மகிழ்ந்து அனுப்பிவைத்தேன். நான்கு நாட்களின் பின் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, குறை நினைக்கக்கூடாது. நீங்கள் அனுப்பின கோப்பில் ஒரு தமிழெழுத்துக்கூட இல்லை” என்றார்.

என் கண்ணுக்கு அது முழுதும் தமிழே. ஆயினும் அவர் சொன்னதுதான் உண்மை. நம் நாட்டிற் பள்ளிக்கூடங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் பாமினி எழுத்துருவில் அதனைத் தட்டச்சுச் செய்திருந்தேன். அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் புனைவது. ‘அம்மா’ என்று நாம் காணுமிடத்துக் கணினியின் உள்ளே இருப்பன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பன மாத்திரமே. கண்ணுக்கு வேடம் போதும். திரைவாசிப்பானோ வேடத்தைக் காண்பதில்லை. தொல்லாசிரியர் நூலுக்கு நான் எழுதிய விளக்கம் நான்கு நாளும் அவர் செவியிற் பொருளற்ற ஆங்கில எழுத்தொலியாய் விழுந்திருக்கிறது! தமிழெழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் வழங்கும் ஒருங்குறி முறை 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழ் இடம்பெற்றிருந்தது. அதனை நாடாதிருந்தது என் குற்றம்.

பார்வையற்றோர்க்கு உகந்த சொற்செயலி எது என்று ஆசிரிய நண்பர்கள் என்னிடம் வினவுவதுண்டு. எழுத்து ஒருங்குறியில் இல்லையேல் எச்செயலியும் பயன்படாது என்பதே இப்பொழுது என் முதல் விடை. பாமினி விசைமுறையிற் பழகிய விரல்கள் அஞ்ச வேண்டியதில்லை; அதே விசைகளால் ஒருங்குறியில் எழுத உதவும் இ-கலப்பை போன்ற கருவிகள் உள்ளன.

அதன் பின்னரே செயலியின் ஆராய்ச்சி. திரையை அணைத்து, சுட்டியையும் அகற்றிவிட்டு, விசைப்பலகை ஒன்றினாலேயே ஒரு கடிதத்தை எழுதி, திருத்தி, சேமிக்க முடிகின்றதா என்று பார்க்க வேண்டும். மைக்ரோசொப்ட் வேர்ட் இச்சோதனையில் தேறுகிறது, விலைதான் தடை. லிப்ரே ஒபிஸ் ரைட்டர் இலவசமானது, அதுவும் திரைவாசிப்பானோடு இயைந்து நடக்கும். எளிமை கருதிப் பலர் கையாண்ட வேர்ட்பேட் 2024இல் விண்டோஸ் 11இன் புதிய பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. நோட்பேட் கடிதத்துக்குப் போதும், ஆய்வுக் கட்டுரைக்குப் போதாது.

திரைவாசிப்பான்களில் ஜோஸ் என்பது பழையது, விலையும் மிக்கது. என்.வி.டி.ஏ. என்பதை 2006இல் அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு இணைந்தார். இருவரும் பார்வையற்றோர். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், தமிழும் வாசிக்கும். விண்டோஸ் தரும் தமிழ்க் குரலொன்றுக்கு ‘வள்ளுவர்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அக்குரல் சில சொற்களைக் கொல்லும்போது பெயரை எண்ணி நான் வருந்துவதுண்டு.

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு அமைதல் நம் வழக்கம். செவிக்குத் தடிப்பு ஏது? செயலியின் தலைப்புப் பாணியைப் பயன்படுத்தினால், என்.வி.டி.ஏ.யின் உலாவு நிலையில் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். நாம் ஏட்டைப் புரட்டுவதற்கு நிகர் அது. அச்சுப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பும் வழக்கமும் இத்தகையதே; படத்தில் எழுத்தில்லை.

இலக்கண ஆசிரியர்க்கு இன்னுமோர் இடர் உண்டு. ‘அந்நாள்’ வேறு, ‘அன்னாள்’ வேறு. செவிக்கோ இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். எழுத்தெழுத்தாக வாசிக்கச் செய்தாலும் நகர னகர வேறுபாடு தெளிவாவதில்லை. தமிழ்ப் பிரெயிலில் இரண்டுக்கும் வெவ்வேறு புள்ளிகள், விரல் மயங்காது. ஆகவே பிரெயில் கற்ற மாணவரைக் கணினி வந்ததென்று அதைக் கைவிடச் செய்தல் தகாது. திரையிலுள்ளதைப் புள்ளிகளாக உயர்த்திக்காட்டும் கருவியும் உண்டு. அதன் விலை எம்மனோர்க்கு எட்டாதது.

என் குறிப்புகளை மாற்றிகொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, பிழைபார்த்து, மீண்டும் அனுப்பினேன். மறுநாளே அவரிடமிருந்து மூன்று எழுத்துப்பிழைகள் குறித்து மடல் வந்தது. மூன்றும் பிழைகளே. எஞ்சிய இயல்களை இப்பொழுது மாற்றிக்கொண்டிருக்கிறேன்.