எவ்வளவு மின்சாரம் தேவை என்று தெரியாமலேயே மின்கட்டமைப்பைத் திட்டமிடுவது எப்படி?

2030-இல் சிங்கப்பூருக்கு உச்சநேரத்தில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும்?

எரிசக்திச் சந்தை ஆணையத்தின் கணிப்பு: 10.1 கிகாவாட் முதல் 11.8 கிகாவாட் வரை.

கவனித்தீர்களா? ஆணையம் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே 1.7 கிகாவாட் இடைவெளி. நமது உச்சத் தேவை அண்மை ஆண்டுகளில் சுமார் 8 கிகாவாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு "வரலாம், வராமலும் போகலாம்" என்ற நிலை!

"சரி, 2030 வரட்டும், அப்போ பார்த்துக்கலாம்" என்று இருக்க முடியாது. பெரிய மின்வடங்களையும் துணை மின்நிலையங்களையும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். முழு விவரம் தெரிவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும்.

ஏன் கணிப்பது இவ்வளவு கஷ்டம்?

தரவு நிலையங்கள்: ஒரே ஒரு கட்டடம் ஆயிரக்கணக்கான வீடுகள் பயன்படுத்தும் மின்சாரத்தை இழுக்கும். 2019-இல் புதிய தரவு நிலையங்களைச் சிங்கப்பூர் நிறுத்திவைத்தது. 2024-இல் குறைந்தது 300 மெகாவாட் கூடுதல் திறனுக்கு வழிவிடப்போவதாக அறிவித்தது. ஐந்தே ஆண்டில் நிலைமை மாறிவிட்டது.

மின்சார வாகனங்கள்: 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தியில் ஓடும் ரகமாக இருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் வேலை முடிந்து வந்ததும் இரவு 7 மணிக்கே சார்ஜ் போடுவார்களா, நள்ளிரவுக்குப் பிறகா? மொத்தப் பயன்பாடு ஒன்றுதான். உச்சத் தேவையோ வேறு.

அண்டை நாடுகளின் முடிவுகள்: 2021 அக்டோபரில் மலேசியா, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. 2023 மே மாதம் தடை நீங்கியது. இப்படியொரு திருப்பத்தை எந்தக் கணினி மாதிரியாலும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

தப்பாகக் கணித்தால் என்ன ஆகும்?

குறைவாகக் கட்டினால் மின்தடை அபாயம். புதிய ஆலைகளும் தரவு நிலையங்களும் இணைப்புக்காகக் காத்துக் கிடக்கும்.

அதிகமாகக் கட்டினால்? பயன்படாத மின்வடத்துக்கும் காசு கொடுக்கணும். கொடுப்பது யார்? நாம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் மின்கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள். எரிபொருள், மின்னுற்பத்திச் செலவுக்கு அடுத்த பெரிய பங்கு, மின்கட்டமைப்புச் செலவுக்குத்தான் போகிறது.

"எதற்காகக் குறைவாக வருத்தப்படுவோம்?"

எதிர்காலத்தைச் சரியாக ஊகிக்க முடியாதபோது, திட்டமிடுவோர் கேள்வியையே மாற்றிவிடுவார்கள். "எது நடக்கும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நினைத்தது நடக்காவிட்டால் எந்த முடிவு நம்மைக் குறைவாகப் பாதிக்கும்?" என்று கேட்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. புதிய வட்டாரத்துக்கு மின்வசதி வேண்டும். இப்போதே பெரிதாகக் கட்டினால் 100 மில்லியன் வெள்ளி. சிறிதாகக் கட்டினால் 60 மில்லியன். பிறகு தேவை கூடினால் இன்னும் 70 மில்லியன்.

தேவை கூடாவிட்டால், பெரிதாகக் கட்டியதில் 40 மில்லியன் வீண். தேவை கூடினால், சிறிதாகத் தொடங்கியதில் 30 மில்லியன் கூடுதல் செலவு. ஆகவே, சிறிதாகத் தொடங்குவதே மேல்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். பிறகு விரிவாக்க 70 அல்ல, 110 மில்லியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிதாகத் தொடங்கினால் 70 மில்லியன்வரை கூடுதல் செலவாகலாம். இப்போது பெரிதாகக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

பார்த்தீர்களா? தேவை பற்றிய கணிப்பு மாறவே இல்லை. பிறகு திருத்துவதற்கு ஆகும் செலவுதான் முடிவை மாற்றியது.

60 மீட்டர் ஆழத்தில் அதே கணக்கு

நம் காலுக்குக் கீழே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. எஸ்பி குழுமத்தின் மின்வடச் சுரங்கங்கள் சுமார் 40 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் 60 மீட்டர் ஆழம், கிட்டத்தட்ட 20 மாடி உயரம்! செலவு 2 பில்லியன் வெள்ளிக்கு மேல்.

அவ்வளவு ஆழத்தில் இரண்டாவது முறை தோண்டுவது லேசான காரியமில்லை. ஆனால் சுரங்கம் இருந்தால், சாலையைத் தோண்டாமலே மின்வடங்களைச் சேர்க்கலாம், பழையதை மாற்றலாம். மாற்ற முடியாததைத் தாராளமாகக் கட்டு, மாற்றக்கூடியதைப் படிப்படியாகச் சேர் என்பதே தத்துவம்.

ஜூரோங் தீவில் 2023-இல் திறக்கப்பட்ட 285 மெகாவாட்-மணிநேர மின்சேமிப்பு வசதியும் ஒருவகையில் கைகொடுக்கும். இத்தகைய மின்கலன்கள் சில மணிநேர உச்சத் தேவையைச் சமாளிக்கும். பெரிய மின்வடம் உண்மையிலேயே தேவையா என்று பார்க்க அவகாசமும் கிடைக்கும்.

வெளிநாட்டு மின்சாரம்: ஒரே கூடையில் முட்டை வேண்டாம்

நமது மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதைக் குறைக்க, 2035-க்குள் 4 கிகாவாட் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்ய 2021-இல் இலக்கு வைக்கப்பட்டது. 2024-இல் அது 6 கிகாவாட்டாக உயர்ந்தது.

கம்போடியா, இந்தோனேசியா, வியட்னாம், ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளின் திட்டங்களுக்கு நிபந்தனையுடன் அனுமதி கிடைத்துள்ளது. ஆஸ்திரேலியத் திட்டத்துக்கு மட்டும் சுமார் 4,300 கிலோமீட்டர் கடலடி மின்வடம் தேவை. எல்லாமே நிறைவேறும் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால்தான் அனுமதியும் கட்டங்கட்டமாகத் தரப்படுகிறது. ஒரு திட்டம் நின்றுபோனாலும் மற்றவை தொடரலாம்.

உங்களுக்கு இதில் என்ன பங்கு?

உச்சநேரத் தேவை என்பது நம் எல்லாருடைய பழக்கங்களின் கூட்டுத்தொகை. உங்கள் மின்சார வாகனம் இரவு 7 மணிக்குப் பதில் நள்ளிரவில் சார்ஜ் ஆனால், நீங்கள் பயன்படுத்தும் மின்சாரம் குறையாது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் அப்படிச் செய்தால், புதிய மின்வடம் ஒன்றின் தேவை சில ஆண்டுகள் தள்ளிப்போகலாம். அந்தச் செலவும் உங்கள் மின்கட்டணத்தில் சேராமல் தள்ளிப்போகும்.